தினமும் பைக்கில் ஆபீஸ் போகிறவர்களுக்கு ரைடிங் பேண்ட்: பார்த்து வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் ஒரு யூ டர்ன். காலை எட்டே முக்கால் மணி. எனக்கு முன்னால் போன லாரி சிந்திய எம்-சாண்ட், திருப்பத்தில் கோலமாவு கொட்டின மாதிரி ஒரு கோடாகக் கிடந்தது. வேகம் இருபதுக்கு மேல் இருக்காது. முன் சக்கரம் வழுக்கியது தெரிந்தது. அடுத்த நொடி இடது முட்டி தார் ரோட்டில். ஹெல்மெட் போட்டிருந்தேன். ஜாக்கெட்டும் கிளவுஸும்கூட இருந்தன. இடுப்புக்குக் கீழே மட்டும் சாதாரண ஜீன்ஸ்.

ஜீன்ஸில் உள்ளங்கை அளவுக்கு ஓட்டை. கிளினிக்கில் நர்ஸ் அக்கா இடுக்கியால் மண்ணை ஒவ்வொரு துணுக்காக எடுத்தார். மண்ணோடு சேர்ந்து நீல நூலும் வந்தது; என் ஜீன்ஸின் நூல், என் சதைக்குள் போயிருந்தது. எலும்பு முறியவில்லை என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் ஒன்றரை மாதம் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை, மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் கைப்பிடி தேவைப்பட்டது.

அதற்குப் பிறகுதான் ரைடிங் பேண்ட் பற்றி ஒழுங்காகப் படித்தேன், கடை கடையாக ஏறினேன், ஒன்றைத் தப்பாக வாங்கி இரண்டாவதைச் சரியாக வாங்கினேன். லடாக் போகிறவர்களுக்கு எழுதுகிற ஆள் நிறைய. நான் எழுதுவது தினமும் பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஆபீஸுக்குப் போய் வருகிறவர்களுக்கு. ஹெல்மெட்டுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு இருக்கிறது. பேண்ட்டுக்கு அப்படி எதுவும் இல்லை, நாமேதான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில்: பேண்ட் எதிலிருந்து காப்பாற்ற வேண்டும்?

கீழே விழும்போது கால்களுக்கு இரண்டு விதமாக அடிபடுகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

ஒன்று, மோதல். முட்டி முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர். நீங்கள் இருபதில் போனாலும் அறுபதில் போனாலும் இந்தக் கீழ்நோக்கிய அடி ஏறக்குறைய ஒன்றுதான். ‘நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன்’ என்பது முட்டிக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. இதற்கு வேண்டியது பேட், அதாவது பேண்ட்டுக்குள் வைக்கும், அடியை வாங்கிக்கொள்ளும் மெத்தை.

இரண்டாவது, தேய்ப்பு. மணிக்கு ஐம்பதில் விழுந்தால் தோராயமாக இரண்டு நொடிக்கு மேல் ரோட்டில் இழுபடுவோம், ஒரு மாநகரப் பேருந்தின் நீளத்தைவிட அதிக தூரம். இதற்கு வேண்டியது துணியும் தையலும். துணி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் தையல் பிரிந்தால் அங்கே தோல்தான் ரோட்டில் இருக்கும். அதனால் கடையில் நான் முதலில் பார்ப்பது தையலை.

படி 1: உங்கள் பயணத்தை எழுதிப் பாருங்கள்

பேண்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளில் சிலதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர், ரோடு எப்படி? ஜி.எஸ்.டி. ரோடு மாதிரி எழுபது வரை ஏறுகிற ரோடா, வடபழனி மாதிரி சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறதா? ஆபீஸில் ஃபார்மல் பேண்ட் கட்டாயமா, ஜீன்ஸ் போடலாமா? போய்ச் சேர்ந்ததும் மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறதா, கழற்றியதை வைக்க லாக்கர் இருக்கிறதா?

இந்தக் கடைசி இரண்டு கேள்விக்கு நான் முதல் தடவை பதில் யோசிக்கவில்லை. வாங்கிய பேண்ட் மிக நல்ல பேண்ட். ஆனால் அது உள்ளே இன்னொரு பேண்ட் போட முடியாத இறுக்கம், ஆபீஸில் மாற்றுவதென்றால் கழிப்பறையில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். பத்து நாள் போட்டேன். பிறகு அது பீரோவில் ஏறியது. தினமும் போட முடிகிற சுமாரான பேண்ட், பீரோவில் தொங்குகிற முதல்தர பேண்ட்டைவிட ஆயிரம் மடங்கு மேல்.

படி 2: எந்த வகை?

ஆபீஸுக்கு ஃபார்மல் கட்டாயம் என்றால் ஓவர் பேண்ட். ஆபீஸ் பேண்ட்டின் மேலேயே போட்டுக்கொள்ளும் வகை. பக்கவாட்டில் இடுப்பு வரை, குறைந்தபட்சம் தொடை வரையாவது, ஜிப் திறக்க வேண்டும்; அப்போதுதான் ஷூவைக் கழற்றாமல் பார்க்கிங்கிலேயே நின்றபடி போட்டுக் கழற்றலாம். இப்போது நான் போடுவது இதுதான். பழகியபின் போட ஒரு நிமிடம், கழற்ற அரை நிமிடம். இன்னொரு லாபமும் உண்டு: வேர்த்த துணியோடு நாள் முழுக்க உட்கார வேண்டாம். நம் ஊர் வெயிலில் தொடை இடுக்கில் படர்தாமரை வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஜீன்ஸ் போடலாம் என்கிற ஆபீஸ் என்றால் ரைடிங் ஜீன்ஸ். பார்க்க சாதா ஜீன்ஸ் மாதிரியே இருக்கும், உள்ளே கெவ்லார் போன்ற அராமிட் (உறுதியான செயற்கை இழை) லைனிங்கும் முட்டியில் பேட் பையும் இருக்கும். சில ஜீன்ஸில் லைனிங்கே இருக்காது, துணியே உறுதியான நூல் கலந்து நெய்ததாக இருக்கும். ஒற்றை அடுக்கான அந்த வகைதான் வெயிலுக்குத் தேவலை. லைனிங் உள்ளதில், அது எங்கிருந்து எங்கு வரை என்று உள்ளே புரட்டிப் பாருங்கள். முட்டியில் மட்டும் ஒரு கைக்குட்டை அளவு வைத்துத் தைத்துவிட்டு ‘கெவ்லார் ஜீன்ஸ்’ என்று விற்பவர்கள் உண்டு. பின்புறமும் இடுப்பின் இரு பக்கமும் லைனிங் இருக்க வேண்டும், ஏனென்றால் சறுக்கும்போது நாம் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் இழுபடுகிறோம்.

மெஷ் பேண்ட் என்பது காற்று புகும் வலைத்துணி. ஓடும்போது சுகம். ஆனால் வலை அதிகமாக அதிகமாகத் தேய்ப்பைத் தாங்கும் சக்தி குறையும். தொடையின் முன்பக்கம் வலை, முட்டியிலும் பின்புறத்திலும் இடுப்பின் பக்கவாட்டிலும் கார்டூரா போன்ற தடித்த நைலான் துணி என்று பிரித்துத் தைத்திருந்தால் வாங்கலாம்.

லெதர் பேண்ட் தேய்ப்புக்கு அருமை. சென்னை ஆபீஸ் பயணத்துக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

சாதா பேண்ட்டின் மேல் கட்டும் நீ கார்டு, அதாவது முட்டிக்கவசம்? பட்ஜெட் இல்லாதவர்களுக்கு இதுவே முதல் படி, சந்தேகமில்லாமல் வாங்குங்கள். முட்டியையும் கீழ்க்கால் முன்னெலும்பையும் காப்பாற்றும். இடுப்பையும் தொடையையும் காப்பாற்றாது.

லெக்கிங்ஸ், மெல்லிய பாலியஸ்டர் டிராக் பேண்ட் இரண்டையும் பைக்கில் தவிர்த்துவிடுங்கள். பாலியஸ்டர் சுமார் 260 டிகிரியில் உருகும். ரோட்டில் தேயும் சூட்டில் மெல்லிய துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டால், சிராய்ப்போடு தீக்காயமும் சேர்ந்துவிடும்.

படி 3: லேபிளைப் படியுங்கள்

இதில்தான் ஏமாற்றம் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அண்ணா சாலை பக்கம் ஒரு கடையில் பையன் ஒரு பேண்ட்டை எடுத்துப் போட்டான். “சார், இது சி.இ. சர்டிஃபைடு.”

“லேபிள் காட்டுங்க தம்பி.”

அவன் முட்டிப் பையிலிருந்து பேடை உருவிக் காட்டினான். அதில் ஐரோப்பியத் தரத்துக்கு ஏற்றது என்று காட்டும் சி.இ. முத்திரை இருந்தது. பேண்ட்டின் உள்ளே தேடினோம். துவைக்கும் குறிப்பு மட்டும்தான். அதாவது, சான்று பேடுக்கு. துணிக்கும் தையலுக்கும் எந்தச் சான்றும் இல்லை. பையன் பொய் சொல்லவில்லை, அவனுக்கே வித்தியாசம் தெரியாது. ‘சி.இ. ஆர்மர் (பேட்) உள்ள பேண்ட்’ வேறு, ‘சி.இ. சான்று பெற்ற பேண்ட்’ வேறு.

பேண்ட்டுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 17092, 2020-இல் வெளியானது. லேபிளில் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு இன்னொரு எண் இருக்கும். அதுதான் வகுப்பைச் சொல்கிறது: 2 என்றால் ஏஏஏ, 3 என்றால் ஏஏ, 4 என்றால் ஏ, 5 என்றால் பி, 6 என்றால் சி. இதில் பி என்பது தேய்ப்புக்கு மட்டும், பேட் இல்லாமல் சோதித்தது. சி என்பது பேட்களைத் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை வகை, தேய்ப்புக்கு உத்தரவாதம் கிடையாது.

சோதனையில் துணித்துண்டைச் சுழலும் கையில் மாட்டி, வேகம் ஏற்றி, கான்கிரீட் பலகை மேல் விடுகிறார்கள். அது தேய்ந்து நிற்கும்வரை பெரிய ஓட்டை விழக்கூடாது. அதிக ஆபத்துள்ள இடங்களின் துணிக்கு ஏ வகுப்பில் மணிக்கு 45 கிலோமீட்டருக்குச் சமமான வேகம், ஏஏ வகுப்பில் 70, ஏஏஏ வகுப்பில் 120. இவை மெஷினின் வேகம். ‘எழுபதில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேண்ட்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் இந்த எண்கள் உதவும்.

என் கருத்து: நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு ஏ போதும். ஜி.எஸ்.டி. ரோடு, ஓ.எம்.ஆர்., பைபாஸ் என்று அறுபது, எழுபது தொடுபவர்களுக்கு ஏஏ. ஏஏஏ பேண்ட் கனமும் சூடும் அதிகம், மே மாதத்தில் அதைத் தினமும் போடுகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2018 முதல் மோட்டோகேப் என்கிற அமைப்பு, கடையிலிருந்து துணிகளைத் தானே வாங்கிச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கிறது. பாதுகாப்புக்கு ஒரு மதிப்பெண், வெயிலில் உடம்பு தாங்குமா என்பதற்குத் தனியாக ஒன்று. நீங்கள் பார்க்கும் மாடல் அதில் இருந்தால் அவசியம் பாருங்கள். சூட்டைத் தனியாக மதிப்பிடும் அந்த அணுகுமுறை நம் ஊருக்கு ரொம்பப் பொருந்தும்.

படி 4: பேடை உருவிப் பாருங்கள்

பேடில் இ.என். 1621-1 என்று இருக்க வேண்டும். லெவல் 1, லெவல் 2 என்று இரண்டு தரம். ஒரே அளவு அடியைக் கொடுத்து, மறுபக்கம் எவ்வளவு விசை போகிறது என்று அளக்கிறார்கள். லெவல் 1-இல் சராசரி 35 கிலோநியூட்டன் வரை போகலாம், லெவல் 2-இல் 20 வரைதான். வித்தியாசம் பெரியது. பேண்ட்டோடு லெவல் 1 வந்தால், பின்னால் லெவல் 2 பேட் மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். பையின் அளவு ஒத்துப் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கில எழுத்துகளும் இருக்கும். கே என்றால் முட்டி, எச் என்றால் இடுப்பு. இன்னொன்று நமக்கு முக்கியம்: டி பிளஸ். இது 40 டிகிரியில் வைத்துச் சோதித்தது என்று அர்த்தம். இப்போது வரும் மெத்தென்ற பேட்கள் சாதாரணமாக வளைந்துகொடுக்கும், அடி விழும்போது இறுகும். சூட்டில் அவற்றின் தன்மை மாறக்கூடும். கத்திரி வெயிலில் ஓட்டுகிற நமக்கு டி பிளஸ் இருந்தால் நல்லது.

இடுப்புப் பையைத் தவறாமல் திறந்து பாருங்கள். பல பேண்ட்களில் அது காலியாக இருக்கும், அல்லது சாதா ஸ்பாஞ்ச் இருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். இரண்டு விரலும் முட்டிக்கொண்டால் அது இடத்தை நிரப்ப வைத்த பஞ்சு.

படி 5: துணியும் தையலும்

அராமிட் உருகாது, அதுதான் அதன் பலம். ட்யூபான்ட் நிறுவனத்தில் 1965-இல் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்த கெவ்லார் இந்தக் குடும்பம்தான். டைனீமா வகை நூல் எடை குறைவு, தண்ணீர் குடிக்காது, ஆனால் 150 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். அந்த நூல் கலந்த ஜீன்ஸை இஸ்திரிக்காரரிடம் கொடுக்காதீர்கள்.

தையலுக்கு வீட்டுச் சோதனை ஒன்று. பேண்ட்டை உள்பக்கம் புரட்டி, பின்புறத் தையலின் இரு பக்கத்தையும் பிடித்து, பலமாக எதிரெதிராக இழுத்து விளக்குக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். தையல் வழியே வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் வைத்துவிடுங்கள். நல்ல பேண்ட்டில் இரண்டு, மூன்று வரிசைத் தையல் இருக்கும், குறைந்தது ஒரு வரிசை உள்ளே மறைந்திருக்கும். வெளியே தெரியும் நூல் ரோட்டில் உரசியதும் அறுந்துவிடும். உள்ளே மறைந்திருப்பதுதான் பிடித்துக்கொண்டிருக்கும்.

படி 6: போட்டுப் பாருங்கள், பைக்கில்

கடைக்கு உங்கள் பைக்கில் போங்கள், தினமும் போடும் ஷூவோடு. ஓவர் பேண்ட் என்றால் ஆபீஸ் பேண்ட்டோடு. கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பது இதற்கு உதவாது. “பைக்கில் உட்கார்ந்து பார்க்கலாமா?” என்று கேளுங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

உட்கார்ந்ததும் முட்டியைப் பாருங்கள். பேடின் நடுப்பகுதி முட்டிச்சில்லின் மேல் இருந்து, அதற்குக் கீழேயும் நாலு விரல் அளவு மூட வேண்டும். நிற்கும்போது கொஞ்சம் கீழே இறங்கினாற்போல் தெரிந்தால் பரவாயில்லை, உட்காரும்போது மேலே ஏறிவிடும். நின்று பார்த்துச் சரியாக இருக்கிற பேட், உட்கார்ந்தால் தொடைக்கு வந்து நிற்கும். என் முதல் பேண்ட்டின் இன்னொரு கோளாறு இதுவேதான். உள்ளே வெல்க்ரோ வைத்து பேடை மேலும் கீழும் மாற்ற இரண்டு, மூன்று நிலை இருந்தால் நிம்மதி.

அடுத்து பேடைத் துணியோடு கையால் பிடித்து இடமும் வலமும் திருகுங்கள். முட்டியை விட்டு நழுவினால், விழும்போதும் நழுவும். தொளதொள பேண்ட்டில் எவ்வளவு நல்ல பேட் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் கால் விளிம்பு. உட்கார்ந்த நிலையில் கணுக்காலை மூட வேண்டும், வெல்க்ரோவோ ஜிப்போ போட்டு இறுக்க முடிய வேண்டும். இல்லாவிட்டால் சறுக்கும்போது பேண்ட் சுருண்டு மேலே ஏறிவிடும். சைலன்சர் பக்கம் தொங்குகிற நைலான் துணியும் வேண்டாம்.

ஒருமுறை குந்தி எழுங்கள். படி ஏறுங்கள். பின் சீட்டில் பை கட்டியிருப்பதாக நினைத்து காலைத் தூக்கிப் போடுங்கள். முதுகுப்பக்கம் இடுப்பு தெரிகிற அளவு கீழே இறங்கக் கூடாது. நீளம் அதிகமென்றால் டெய்லரிடம் விளிம்பை மட்டும் மடித்துத் தைக்கச் சொல்லலாம். பக்கத் தையலைப் பிரித்து ‘டைட்’ பண்ணச் சொல்லாதீர்கள். அவர் போடும் சாதா நூல் அந்த இடத்துக்குத் தாங்காது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்கள் கட்டிங்கில் சின்ன சைஸ் எடுத்தால் இடுப்பு பிடிக்கும், முட்டிப் பேட் கீழ்க்காலுக்கு இறங்கிவிடும். பெண்களுக்கென்று தனியாக வெட்டிய மாடல்கள் கிடைக்கின்றன, தேடி எடுங்கள். சுடிதாரின் மேல் ஓவர் பேண்ட் நன்றாகவே ஒத்துப் போகும், டாப்ஸை உள்ளே செருகிக்கொண்டால் போதும். பின்னால் உட்காருகிறவருக்கும் ரோடு ஒன்றுதான், நீ கார்டாவது வாங்கிக் கொடுங்கள்.

மழைக்கு

மழைத் தடுப்பு உள் லைனர் உள்ள பேண்ட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். உள்ளே நீங்கள் நனையாமல் இருப்பீர்கள், ஆனால் வெளித்துணி முழுக்கத் தண்ணீரைக் குடித்து, மறுநாள் காலையிலும் காயாது. ஐப்பசி, கார்த்திகையில் அதை எங்கே காயப் போடுவது? மேலே போடும் தனி ரெயின் பேண்ட் ஒன்றை சீட்டுக்கு அடியிலோ பையிலோ வைத்துக்கொள்ளுங்கள், அதுவே நல்லது.

காசு எவ்வளவு, எங்கே?

ரைனாக்ஸ், வயாடெர்ரா, ரைடா, ராயல் என்ஃபீல்டு என்று இந்தியாவிலேயே பல பிராண்டுகளின் ரைடிங் பேண்ட் கிடைக்கிறது. விலை மாடலுக்கு மாடல் மாறும். ஒரே பிராண்டில்கூட ஒரு மாடலுக்குச் சான்று இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது, ஆகவே பெயரைப் பார்த்து வாங்காமல் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். ஆன்லைனில் விலை குறைந்தாலும், முதல் பேண்ட்டைக் கடையில் போட்டுப் பார்த்து எடுப்பதே புத்திசாலித்தனம். ஆன்லைன் என்றால், டேக் கழற்றாமல் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். முட்டிக்குப் பின்னால் மடிப்பு குத்துகிறதா, தொடை மரத்துப் போகிறதா என்று அந்த அரை மணியில் தெரிந்துவிடும்.

காசு ஒரேயடியாக இல்லையென்றால் இந்த வரிசையில் போகலாம்: இந்த மாதம் நல்ல நீ கார்டு, மூன்று மாதம் கழித்து ஓவர் பேண்ட் அல்லது ரைடிங் ஜீன்ஸ், பிறகு லெவல் 2 பேட், இடுப்பு பேட்.

வாங்கிய பிறகு

துவைக்கும் முன் பேட்களைக் கழற்றிவிடுங்கள். உள்பக்கம் புரட்டி, பச்சைத் தண்ணீரில் கையால் அலசி, நிழலில் காயப் போடுங்கள். ப்ளீச் அராமிட்டுக்கு விஷம், வெயிலும் நாளடைவில் அதைப் பலவீனப்படுத்தும். பேடைத் திருப்பி வைக்கும்போது வளைவு உள்பக்கம் முட்டியைப் பார்த்து இருக்கிறதா என்று கவனியுங்கள். அவசரத்தில் இடது, வலது மாறிப் போகும்.

பேண்ட் பையில் சாவிக்கொத்து வேண்டாம். விழும்போது அது தொடை எலும்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். போனையும் ஜாக்கெட்டுக்கோ தோள்பைக்கோ மாற்றிவிடுங்கள்.

ஒருமுறை பலமாக விழுந்துவிட்டால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்தப் பக்க பேடை மாற்றுங்கள். விழாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உருவி வளைத்துப் பாருங்கள். விரிசல் விட்டாலோ விறைத்துப் போயிருந்தாலோ புதிது வாங்குங்கள், பேண்ட் விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவு.

என் ஓவர் பேண்ட் இப்போது வாசல் கதவுக்குப் பின்னால், பைக் சாவி தொங்குகிற ஆணியிலேயே தொங்குகிறது. பேண்ட்டை எடுக்காமல் சாவியை எடுக்க முடியாது.